வீட்டு வீடியோக் கசெற்றை டிவிடி ஆக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்து அலுமாரிகளில் கிடக்கும் வீடியோக் கசெற்றுகள் பெரும்பாலும் இரண்டு காலத்தவை. ஒன்று, 80களிலும் 90களிலும் கலியாண வீட்டுக்கும் சாமத்திய வீட்டுக்கும் கமராக்காரர் எடுத்துக் கொடுத்த பெரிய கசெற். மற்றது, 2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்த பிறகு, கனடா, லண்டன், சுவிஸ் என்று இருந்தவர்கள் வந்து நின்ற நேரம் சின்னக் கமராவில் எடுத்தது. 2006 ஆகஸ்ட்டில் பாதை திரும்பப் பூட்டுப்படும்வரை அப்படி எடுத்துக் குவித்தார்கள். இரண்டையும் கணினி வழியாக டிவிடி ஆக்கலாம், ஆனால் வழி வேறு வேறு. கசெற்றும் கையுமாக வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். விண்டோஸ் கணினியை மனதில் வைத்து எழுதியது.

என்னட்ட இருக்கிறது என்ன கசெற் எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

கசெற்றின் மேலேயே அடித்திருக்கும். எழுத்து அழிந்திருந்தால் நீளத்தை அளந்து பாருங்கள். ஏறத்தாழ 19 செ.மீ. என்றால் விஎச்எஸ். 9.5 செ.மீ. என்றால் 8 மி.மீ. வகை, அதற்குள் வீடியோ8, ஹை8, டிஜிட்டல்8 என்று மூன்று உண்டு, மூன்றுக்கும் உருவம் ஒன்றுதான். 6.5 செ.மீ. அளவில் இருந்தால் மினிடிவி (MiniDV). விஎச்எஸ் நாடாவையே சின்னக் கூட்டுக்குள் அடைத்த விஎச்எஸ்-சி என்ற ஒன்றும் இடைக்கிடை வரும்.

மினிடிவியும் டிஜிட்டல்8உம் நாடாவிலேயே டிஜிட்டலாகப் பதிந்தவை. மற்றதெல்லாம் அனலொக். டிஜிட்டல் நாடாவில் உள்ளதைக் கணினி அப்படியே அள்ளி எடுக்கும், தரம் ஒரு துளியும் குறையாது. அனலொக் நாடாவை ஓடவிட்டு, ஓடும் படத்தைக் கணினி புதிதாகப் பதியவேண்டும். அங்கே என்ன கருவி, என்ன வயர் என்பதைப் பொறுத்துத்தான் படம் வரும்.

கமரா பழுதாப் போச்சு. கசெற் மட்டும் இருக்கு. ஏதும் செய்ய ஏலுமா?

ஓடவைக்க ஒரு கருவி இல்லாமல் எதுவும் செய்ய ஏலாது. உறவுக்காரர், பழைய ஸ்டூடியோக்காரர் என்று விசாரியுங்கள். ஊரில் எங்கேயோ ஒரு அலுமாரிக்குள் ஒன்று இருக்கும். பற்றரி செத்திருந்தாலும் கவலை இல்லை, சார்ஜர் வயரில் கமரா ஓடும்.

விஎச்எஸ்-சியைப் பெரிய டெக்கில் (விஎச்எஸ் கசெற் ஓட்டும் கருவியில்) போட ஒரு கூடு இருக்கிறது. 8 மி.மீ. கசெற்றுக்கு அப்படி ஒன்று கிடையாது. இருக்கு என்று யாராவது விற்றால் வாங்கவேண்டாம், நாடாவின் அகலமே வேறு. 8 மி.மீ. கசெற் கனக்க வைத்திருப்பவர்கள் பழைய டிஜிட்டல்8 கமரா ஒன்றைத் தேடிப் பிடித்தால் யோகம். அதில் பல மாடல்கள் பழைய வீடியோ8, ஹை8 நாடாவையும் ஓடவைத்து, டிஜிட்டலாக மாற்றி, கமராவையும் கணினியையும் இணைக்கும் ஃபயர்வயர் என்ற வயர் வழியாகவே வெளியே விடும்.

கனடாவிலிருந்து டெக் கொண்டுவந்து தரச்சொல்லிக் கேட்பவர்களுக்கு ஒரு சொல்: அங்கத்தைய டெக் பெரும்பாலும் 120 வோல்ட். இங்கே 230. பின்பக்கத்து லேபலை வாசிக்காமல் சொக்கற்றில் கொழுவினால் புகைதான் வரும். கமரா சார்ஜர்கள் அநேகமாக 100 முதல் 240 வரை தாங்கும், இருந்தாலும் அதையும் வாசித்துவிட்டுக் கொழுவுங்கள்.

போடுறதுக்கு முதல் கசெற்றை என்ன செய்யவேணும்?

முதல் வேலை, அழிபடாமல் பூட்டுவது. விஎச்எஸ் கசெற்றின் முதுகுப்பக்க ஓரத்தில் ஒரு சின்னத் தகடு இருக்கும், அதை உடைத்துவிடுங்கள். மினிடிவி, 8 மி.மீ. கசெற்றுகளில் தள்ளிவிடும் பூட்டு. இதைச் செய்யாமல் கமராவுக்குள் போட்டு, கைதவறி றெக்கோட் பட்டனை அமத்தினால் அம்மம்மா இருந்த இடத்தில் உங்கள் முழங்கால் பதியும்.

பிறகு கசெற்றை முன்னுக்கு முழுக்க ஓட்டி, பின்னுக்கு முழுக்கச் சுற்றி எடுங்கள். பல வருடம் ஒரே பக்கமாகச் சுற்றிக் கிடந்த நாடா ஒட்டியிருக்கும். அப்படியே ஓடவிட்டால் இழுபட்டுப் படம் ஆடும். ஆனால் அதற்கும் முதல் பூஞ்சணம் இருக்கா என்று பார்க்கவேண்டும்.

பூஞ்சணம் பிடிச்சது எண்டு எப்பிடித் தெரியும்?

வெளிச்சத்தில் பிடித்து, கசெற்றின் கண்ணாடி வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். நல்ல நாடா கறுப்பாக, வழுவழுப்பாக, ஒரே மட்டமாக இருக்கும். பூஞ்சணம் பிடித்தது என்றால் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொட்டு, சிலநேரம் சிலந்தி நூல் போல மெல்லிய கோடுகள். கார்த்திகை, மார்கழி மழைக்குப் பிறகு அலுமாரியைத் திறந்தால் தோல் சப்பாத்தில் தெரியும் அதே வெள்ளைதான். 95 இடப்பெயர்வில் பெட்டியோடு கொண்டுபோய்க் கொண்டுவந்தது, மழை ஒழுகிய அறையில் கிடந்தது என்று வரும் கசெற்றுகளில் இது சர்வசாதாரணம்.

பூஞ்சணம் பிடித்த கசெற்றை நல்ல கமராவுக்குள் போடவே கூடாது. அந்த வெள்ளை, நாடாவை வாசிக்கும் ஹெட்டில் அப்பிக்கொள்ளும். அந்தப் படம் தெரியாமல் போவது மட்டுமல்ல, அடுத்ததாகப் போடும் சுத்தமான கசெற்றுக்கும் தொற்றும். வெயிலில் காயப்போடுவதும் பிழை, கூடு வளைந்து நாடாவும் கெடும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப்புகாத டப்பாவில் சில நாள் வைத்து உலரவிடுங்கள். விஎச்எஸ் கூடு திருகாணி போட்டது, கழற்றி நாடாவைத் துடைத்து வேறு கூட்டுக்கு மாற்றலாம். கைப்பழக்கம் உள்ளவரிடம் கொடுங்கள். மினிடிவி நாடா மிக மெல்லியது, வீட்டில் வைத்துக் கழற்ற நான் சொல்லமாட்டேன்.

டெக்கின் ஹெட்டைத் துடைக்க மருந்துக்கடை சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம், அதில் எண்ணெய் கலந்திருக்கும். ஐசோபுறப்பைல் அல்கஹோல்தான் வேண்டும். காதுக்குச்சிப் பஞ்சும் கூடாது, நூல் ஹெட்டில் மாட்டும். நூல் விடாத துணியைப் பிடித்துக்கொண்டு, ஹெட் பொருத்திய உருளையை மெதுவாகச் சுழற்றவேண்டும். மேல்கீழாகத் தேய்த்தால் ஹெட் உடையும்.

கமராவில யூஎஸ்பி ஓட்டையும் இருக்கு, வயரும் இருக்கு. அதால எடுக்கலாம்தானே?

மினிடிவி கமராவில் யூஎஸ்பி பெரும்பாலும் ஃபோட்டோ எடுப்பதற்கு வைத்தது. சில மாடல்களில் வீடியோவும் வரும், ஆனால் சின்னதாக, தரம் குறைந்து. நாடாவில் உள்ளது முழுதாக வரவேண்டும் என்றால் ஃபயர்வயர்தான். சோனி கமராவில் அதற்கு ஐலிங்க் என்று பெயர், வேறு சிலவற்றில் டிவி (DV) என்று மட்டும் எழுதியிருக்கும். கமராப் பக்கம் நாலு ஊசி உள்ள சின்ன முனை.

என்ர லப்டொப்பில ஃபயர்வயர் இல்லையே?

இப்போதுள்ள எதிலும் இல்லை. யூஎஸ்பியிலிருந்து ஃபயர்வயருக்கு என்று முனை மாற்றும் மலிவு வயர் ஒன்று விற்கிறார்கள். அது வேலை செய்யாது. இரண்டும் வேறு வேறு மொழி பேசும் சாதனங்கள், முனையை மாற்றினால் மொழி மாறாது.

நல்ல வழி பழைய மேசைக் கணினிதான். அதில் பிசிஐ அல்லது பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்ட் ஒன்றைக் கொழுவினால் போதும். விண்டோஸ் 7 போட்ட பழைய கணினி ஒன்று வீட்டில் தூசி பிடித்துக் கிடந்தால் அதை எறியவேண்டாம், இந்த வேலைக்குப் புதுக் கணினியைவிட அது உத்தமம். விண்டோஸ் 10, 11 இல் கார்ட் தெரிந்தும் கமரா தெரியவில்லை என்றால், ஃபயர்வயருக்கென்று மைக்ரோசொஃப்ட் தனியாக வெளியிட்ட பழைய 1394 டிரைவரைப் போட்டு, டிவைஸ் மனேஜரில் அதற்கு மாற்றிப் பாருங்கள்.

கமராவை நிறுத்திவிட்டு வயரைக் கொழுவுங்கள். கணினிப் பக்கத்து ஆறு ஊசி முனையில் மின்சாரமும் வரும். அந்த முனையைத் தலைகீழாக அழுத்தித் திணித்தால் கமராவின் பலகை கருகிவிடும்.

சரி, கொழுவியாச்சு. எந்த மென்பொருள்?

டிஜிட்டல் நாடாவுக்கு வின்டிவி. இலவசம், சின்னது, பழையது, வேலையைச் செய்யும். கமராவைப் பிளே பக்கம் வைத்து, நாடாவை ஆரம்பத்துக்குச் சுற்றி, கப்சர் கொடுத்தால் ஓடத் தொடங்கும். செற்றிங்கில் ரைப்-2 ஏவிஐ என்பதைத் தெரியுங்கள், பிறகு வெட்டித் தொகுக்கும் மென்பொருள்கள் அதோடு சண்டை பிடிக்காது. ஒரு மணி நேர நாடாவுக்கு ஏறத்தாழ 13 ஜிபி இடம் வேண்டும். பத்துக் கசெற் என்றால் 130. டிஸ்க்கில் அந்த இடம் இருக்கா என்று முதலே பார்த்துவிடுங்கள்.

ஒரு மணி நேர நாடாவை எடுக்க ஒரு மணி நேரம் ஆகும், ஓட்டி எடுக்கக் குறுக்குவழி கிடையாது. அந்த நேரம் கணினியில் வேறு ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுங்கள்.

20 நிமிசத்தில தானா நிண்டுபோகுது. கசெற் பழுதோ?

கசெற் நல்லாய்த்தான் இருக்கும். நீங்கள் எழுதும் டிஸ்க் அல்லது பென்ட்ரைவ் ஃபாட்32 முறையில் இருக்கிறது. அதில் ஒரு பைல் 4 ஜிபிக்கு மேல் போகாது, டிவி வீடியோ 20 நிமிடத்தில் அந்த அளவைத் தொட்டுவிடும். என்ரிஎஃப்எஸ் முறைக்கு மாற்றுங்கள். மாற்றினால் உள்ளே இருப்பது அழியும், ஆகவே முதலே கொப்பி எடுத்துவிட்டு.

விஎச்எஸ் கசெற்றுக்கு என்ன வேணும்?

ஓடும் டெக், மஞ்சள்-வெள்ளை-சிவப்பு வயர், ஓடும் படத்தைக் கணினிக்குள் பதியும், யூஎஸ்பியில் கொழுவும் கப்சர் கருவி. டெக்கில் எஸ்-வீடியோ துளை இருந்தால் மஞ்சளை விட்டுவிட்டு அதைப் பாவியுங்கள், நிற ஓரங்கள் தெளிவாக வரும். ஹை8 கமராவில் அது அநேகமாக இருக்கும், எல்லா விஎச்எஸ் டெக்கிலும் இல்லை.

கப்சர் கருவிகளில் மலிவுச் சரக்கு மலிந்து கிடக்கிறது. ஒரே பெயரில், ஒரே உருவத்தில், உள்ளே வேறு வேறு சிப் வைத்து வருகிறது. வாங்கும்போது உங்கள் விண்டோஸுக்கு டிரைவர் இருக்கா என்று கேட்டு, முடிந்தால் கடையிலேயே கொழுவிப் பார்த்து வாங்குங்கள். பதிய ஓபிஎஸ் ஸ்டூடியோவும் பாவிக்கலாம், வேர்ச்சுவல்டப் இன்னும் நல்லது. தரம் குறையாமல் பதிந்தால் ஒரு மணி நேரம் 30 ஜிபிக்கு மேல் போகலாம். நேராக டிவிடிக்குரிய எம்பெக்-2 வடிவிலேயே 8 எம்பிபிஎஸ் (நொடிக்கு 8 மெகாபிட்) வேகத்தில் பதிந்தால் 3.6 ஜிபி. வெட்டித் தொகுக்கும் எண்ணம் இல்லாமல் அப்படியே டிவிடி ஆக்குவதென்றால் இரண்டாவதே போதும்.

சின்னக் கமராவிலிருந்து வரும் ஏவி வயரில் ஒரு வில்லங்கம். கமராப் பக்கம் ஹெட்ஃபோன் முனை மாதிரி ஒரே ஊசி, அதில் மூன்று கறுப்பு வளையம். எந்த வளையத்துக்கு இடையில் படம், எதில் சத்தம் என்பது கொம்பனிக்குக் கொம்பனி மாறும். வேறு கமராவின் வயரைக் கொழுவிவிட்டு மஞ்சளில் படம் வரவில்லை, இரைச்சல் மட்டும் கேட்கிறது என்றால், சிவப்பை எடுத்து மஞ்சள் துளையில் செருகிப் பாருங்கள். பலமுறை அங்கேதான் படம் ஒளிந்திருக்கும்.

படத்தின்ர மேற்பக்கம் வளைஞ்சு ஆடுது.

பழைய விஎச்எஸ்ஸின் குணம் அது. ரிவி அதைச் சமாளித்துக் காட்டும், கப்சர் கருவி சமாளிக்காது. டிவிடி றெக்கோடர் ஒன்று கிடைத்தால் டெக்குக்கும் கணினிக்கும் நடுவில் அதைக் கொழுவி, அதற்குள்ளால் படத்தை விட்டுப் பாருங்கள். சில மாடல்கள் ஆட்டத்தை நன்றாகக் குறைக்கும். ட்ராக்கிங் பட்டனையும் திருகிப் பார்க்க மறக்கவேண்டாம். 90களில் கரண்ட் இல்லாத காலத்தில் ஜெனரேற்றரில் டெக்குக்கு டெக் கொப்பி அடித்த கசெற் என்றால், ஆட்டம் பதிவுக்குள்ளேயே இருக்கும். அதை ஓரளவுக்கு மேல் திருத்த ஏலாது.

கனடாவில எடுத்த கசெற் இங்க கறுப்பு வெள்ளையா ஓடுது.

இலங்கை, ஐரோப்பா எல்லாம் 'பால்' (PAL) முறை: 576 கோடு, நொடிக்கு 25 படம். கனடாவும் அமெரிக்காவும் என்ரிஎஸ்சி: 480 கோடு, ஏறத்தாழ 30 படம். விஎச்எஸ் என்றால் இரண்டு முறையும் ஓட்டும் டெக் வேண்டும். கணினியின் கப்சர் செற்றிங்கிலும் என்ரிஎஸ்சி என்று மாற்றவேண்டும். அதை மறப்பதால்தான் பாதிப்பேர் நிறமில்லாப் படம் பார்க்கிறார்கள். மினிடிவி என்றால் எந்த நாட்டில் எடுத்ததோ அந்த நாட்டுக் கமராவிலேயே ஓட்டுவது நல்லது.

எப்படி எடுத்ததோ அப்படியே கணினியில் வைத்திருங்கள். டிவிடி அடிக்கும் நேரத்தில், அது யாருக்குப் போகிறது என்று பார்த்து மாற்றலாம். கனடாவுக்கு 'பால்' டிவிடி அனுப்பினால் அங்கத்தைய பல பிளேயர்களில் ஓடாது. என்ரிஎஸ்சி டிவிடியை இங்கத்தைய பிளேயர்கள் அநேகமாக ஓட்டிவிடும். ரீஜன் கோட் என்ற பூட்டு நாங்கள் வீட்டில் அடிக்கும் டிவிடிக்கு இல்லை, அதைப் பற்றி யோசிக்கவேண்டாம்.

நடுவில கரண்ட் போனா?

லப்டொப் பற்றரியில் ஓடிக்கொண்டிருக்கும், டெக் நின்றுவிடும். நாடா உருளையில் சுற்றியபடியே உள்ளே நிற்கும். கரண்ட் வந்ததும் அவசரப்பட்டு இழுக்காமல், டெக் தானாகச் சுற்றி எடுக்க விடுங்கள். சின்ன யூபிஎஸ் ஒன்று டெக்குக்கும் கமராவுக்கும் தாராளம். 2022 இல் 13 மணி நேர மின்வெட்டும் பார்த்த நாடு இது, யூபிஎஸ் வாங்குவதற்குத் தனியாக நியாயம் சொல்லத் தேவையில்லை.

சத்தம் படத்துக்குப் பின்னால வருது. தாலி கட்டி முடிஞ்ச பிறகு மேளம் கேக்குது.

பதியும்போது கணினி இடையில் சில படங்களைத் தவறவிட்டிருக்கிறது. வைரஸ் மென்பொருள், பின்னால் ஓடும் விண்டோஸ் அப்டேட், யூஎஸ்பி ஹப், நித்திரைக்குப் போகும் பவர் செற்றிங், இந்த நாலையும் நிறுத்திவிட்டுத் திரும்ப எடுங்கள். கப்சர் கருவியை ஹப்பில் கொழுவாமல் நேராகக் கணினியில் கொழுவுங்கள். பின்னர் இழுத்துப் பொருத்தலாம் என்று உட்காருவதைவிடத் திரும்ப எடுப்பது சுலபம்.

படத்தில இருக்கிற திகதி பிழை. எப்பிடித் திருத்துறது?

மினிடிவியில் திகதியும் நேரமும் படத்தின் மேல் எழுதப்படாமல், நாடாவில் மறைவாகப் பதியும். வின்டிவியில் செற் பண்ணினால் ஒவ்வொரு பைலின் பெயரிலும் அது வந்து நிற்கும். ஆனால் அது கமராவின் கடிகாரம் சொன்ன நேரம். ரொறன்ரோவிலிருந்து வந்தவர் கடிகாரத்தை மாற்றியிருக்கமாட்டார். 2006 ஏப்ரல்வரை இலங்கை நேரம் கிரீன்விச்சுக்கு 6 மணி முன்னால் இருந்தது, பிறகுதான் ஐந்தரைக்கு வந்தது. ஆகவே 2003 நல்லூர்த் திருவிழாவில் காலை 7 மணிக்கு எடுத்த தேர், பைலில் முதல்நாள் இரவு 9 மணி என்று காட்டும். பத்து மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். 01.01.2000 போல ஒரு புத்தாண்டுத் திகதி காட்டினால் கடிகாரத்துப் பற்றரியே செத்துவிட்டது. அதை நம்பவேண்டாம், பிள்ளைகளின் உயரத்தைப் பார்த்துத்தான் வருடம் பிடிக்கவேண்டும்.

தேவையில்லாததை எல்லாம் வெட்டி நல்ல பகுதியை மட்டும் டிவிடியில போடலாமா?

டிவிடியில் போடுவது உங்கள் விருப்பம். கணினியில் இருக்கும் முழுப் பைலை வெட்டவேண்டாம். இதில் நான் பிடிவாதக்காரன்.

கலியாண வீட்டுக் கசெற்றில் ஆட்கள் முதலில் வெட்டச்சொல்வது என்ன? கமராக்காரர் படலைக்குள்ளால் நடந்து வரும் ஆட்டம், பந்தலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நிற்கும் நேரம், பந்திக்குப் பின்னால் கிணற்றடியில் ஆட்கள் கைகழுவுவது. பிறகு பத்து வருடம் கழித்து அதே ஆட்கள் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதும் அதைத்தான். மேடையில் நின்றவர்களின் ஃபோட்டோ அல்பத்தில் இருக்கிறது. கிடுகு வேலி, பழைய திண்ணை, தறிபட்ட மாமரம், பந்தியில் சோறு போட்டுக்கொண்டு போன பெரியப்பா, இதெல்லாம் எந்த அல்பத்திலும் இல்லை. வலிகாமம் வடக்கில் இராணுவம் வைத்திருந்த காணி விடுபட்டுப் போய்ப் பார்த்தவர்களில் பலருக்கு வீடு இருந்த அடையாளமே இல்லை. அந்த வீட்டின் ஒரே உருவம், யாரோ கமராவை நிறுத்த மறந்து நடந்த அரை நிமிடமாக இருக்கலாம்.

ஆகவே டிவிடிக்கு வெட்டுவதைக் கொப்பி ஒன்றில் வெட்டுங்கள். பின்னணியில் கேட்கும் பேச்சை எடுத்துவிட்டுச் சினிமாப் பாட்டுப் போடச்சொல்லிக் கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். யூரியூப்பில் ஏற்றினால் அந்தப் பாட்டாலேயே தடை வரும் என்பது வேறு கதை.

ஒரு டிவிடியில எவ்வளவு நேரம் போகும்?

சாதாரண டிஸ்க் 4.7 ஜிபி, விண்டோஸ் வேறு கணக்கில் எண்ணி 4.37 என்று காட்டும், ஏமாற்று இல்லை. ஒரு மணி நேரம் போட்டால் வீடியோவுக்கு 8 எம்பிபிஎஸ் கொடுக்கலாம், ஒன்றரை மணிக்கு 6.5, இரண்டு மணிக்கு 4.8. மூன்று மணி நேர விஎச்எஸ் கசெற்றை ஒரே டிஸ்க்கில் அடைத்தால் 3.2 தான் வரும்; ஆட்கள் நகரும் இடமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். இரண்டு டிஸ்க்காகப் போடுங்கள். விஎச்எஸ் படத்தின் இரைச்சலே கனக்க இடம் பிடிக்கும் என்பதால், பழைய படம்தானே என்று வேகத்தைக் குறைப்பது பிழைக்கணக்கு.

8.5 ஜிபி இரட்டைப் படை டிஸ்க்கும் உண்டு. பழைய பிளேயர்களில் அது தகராறு பண்ணும், நான் பாவிப்பதில்லை.

டிவிடி ஆக்குறது எப்பிடி? பைலைக் கொப்பி பண்ணி எழுதினாச் சரிதானே?

அப்படி எழுதினால் கணினியில் ஓடும், பிளேயரில் ஓடாது. பிளேயருக்கு வீடியோ எம்பெக்-2 ஆக, வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டருக்குள், அதற்குரிய ஒழுங்கில் இருக்கவேண்டும். டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருள் அதையெல்லாம் செய்யும். புது புரொஜெக்ட் திறந்து 'பால்' தெரிந்து, சத்தத்துக்கு ஏசி-3 வைத்து, வீடியோவை இழுத்துப் போட்டு, மெனுவுக்கு ஒரு படமும் தலைப்பும் கொடுங்கள். ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒரு சப்ரர் வையுங்கள். நேராக டிஸ்க்கில் எழுதாமல் முதலில் ஐஎஸ்ஓ (முழு டிஸ்க்கும் ஒரே பைலாக) எடுத்து, கணினியிலேயே ஓட்டிப் பார்த்து, பிறகு இம்க்பேர்ன் என்ற மென்பொருள் கொண்டு எழுதினால் வீணாகும் டிஸ்க் குறையும். லப்டொப்பில் டிவிடி டிரைவ் இல்லை என்றால் யூஎஸ்பியில் கொழுவும் ரைட்டர் போதும்.

மெனுவை ஆடம்பரமாகச் செய்யவேண்டாம். பார்க்கப்போவது அப்பம்மா. டிஸ்க்கைப் போட்டதும் ஓடவேண்டும்.

கையைக் காலை ஆட்டேக்க ஓரமெல்லாம் சீப்புப் பல்லு மாதிரிக் கோடு கோடாத் தெரியுது.

பழைய வீடியோவில் ஒவ்வொரு படமும் ஒற்றைக்கோடு, இரட்டைக்கோடு என்று இரண்டு பாதியாகப் பதிந்திருக்கும். கணினித் திரையில் கோடு தெரியும், டிவிடி பிளேயரில் ரிவியில் தெரியாது. டிவிடிக்கு அப்படியே விடுங்கள். ஃபோனுக்கும் வாட்ஸ்அப்புக்கும் எம்பி4 ஆக்கும்போது மட்டும் ஹான்ட்பிரேக் என்ற மென்பொருளில், இரண்டு பாதியையும் ஒன்றாக்கும் டீஇன்டர்லேஸ் போடுங்கள்.

ரிவியிலும் படம் வெட்டி வெட்டி நடுங்குகிறது என்றால் பாதிகளின் வரிசை மாறிப்போயிருக்கிறது. டிவி நாடாவில் கீழ்ப்பாதி முதல் வரும், அனலொக் கப்சரில் அநேகமாக மேற்பாதி முதல். டிவிடிஸ்டைலரில் அதை மாற்ற இடம் இருக்கிறது.

டிவிடி-ஆரா, பிளஸ் ஆரா? எந்த வேகத்தில எழுதுறது?

இரண்டும் ஓடும். மிகப் பழைய பிளேயர் என்றால் டிவிடி-ஆர். 16 வேகம் என்று எழுதியிருந்தாலும் 4 அல்லது 8 இல் எழுதுங்கள். திரும்ப எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க் பரீட்சித்துப் பார்க்க மட்டும். டிஸ்க்கில் ஸ்ரிக்கர் ஒட்டவேண்டாம், இந்த வெக்கைக்கு ஓரம் கிளம்பி டிரைவுக்குள் மாட்டும். டிஸ்க்குக்கென்று விற்கும் பேனையால் எழுதினால் போதும்.

எங்கட கமரா சின்ன டிவிடியிலயே எடுக்கிறது. அதுக்கும் இதெல்லாம் வேணுமா?

வேண்டாம். கமராவிலேயே ஃபைனலைஸ் (வேறு கருவியும் வாசிக்கும்படி டிஸ்க்கை முடித்துவைப்பது) கொடுத்துவிட்டு, அந்த 8 செ.மீ. டிஸ்க்கைக் கணினியில் போட்டுக் கொப்பி எடுங்கள். தட்டு இழுத்து வெளியே வரும் டிரைவில் போடுங்கள், வாயால் விழுங்கும் டிரைவில் சின்ன டிஸ்க் சிக்கிவிடும். கமரா உயிரோடு இருக்கும்போதே ஃபைனலைஸ் செய்துவிடுங்கள்.

டிவிடி ஆக்கியாச்சு. இனிப் பயமில்லைத்தானே?

டிவிடி கொடுப்பதற்கு, பார்ப்பதற்கு. பாதுகாப்பதற்கு அல்ல. நாங்கள் எழுதும் டிஸ்க்கில் தகவலைப் பிடித்து வைத்திருப்பது ஒரு சாயப் பூச்சு. வெயில், வெக்கை, ஈரம் மூன்றும் அதற்கு எதிரி, யாழ்ப்பாணத்தில் மூன்றும் தாராளம். தகரக் கூரைக்குக் கீழே பரணில் வைத்த டிஸ்க் சில வருடத்திலேயே வாசிக்க மறுக்கலாம். தவிர டிவிடி ஆக்கும்போதே 13 ஜிபி படத்தை 4 ஜிபிக்குள் அமுக்கியிருக்கிறோம். அதிலிருந்து திரும்ப முழுத்தரம் எடுக்க ஏலாது.

நாடாவிலிருந்து வந்த அந்தப் பெரிய பைல்தான் சொத்து. அதை இரண்டு ஹாட் டிஸ்க்கில் வையுங்கள். ஒன்று உங்களிடம், மற்றது வேறு வீட்டில், முடிந்தால் வேறு நாட்டில். லண்டனில் தங்கச்சி இருக்கிறாள் என்றால் அடுத்தமுறை வரும்போது ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். ஒரே இடத்தில் வைத்த ஒரே பிரதி எரிந்தால் என்ன ஆகும் என்பதை 1981 யாழ் நூலக எரிப்புக்குப் பிறகு இந்த ஊருக்கு விளங்கப்படுத்தவேண்டியதில்லை. வருடத்துக்கு ஒருமுறை டிஸ்க்கைக் கொழுவி ஓடுதா என்று பாருங்கள்.

நேரமில்லை. கடையில குடுத்துச் செய்விக்கலாமா?

தாராளமாக. கொடுக்கும்போது மூன்று விஷயம் பேசிக்கொள்ளுங்கள். மினிடிவியை ஃபயர்வயரால் எடுப்பீர்களா, மஞ்சள் வயராலா? டிவிடியோடு முழுப் பைலையும் என் ஹாட் டிஸ்க்கில் போட்டுத் தருவீர்களா? எங்கள் வீட்டு வீடியோ உங்கள் கணினியில் எவ்வளவு காலம் கிடக்கும்? மூன்றாவதைக் கேட்க ஆட்கள் கூச்சப்படுகிறார்கள். சாமத்திய வீட்டு வீடியோவில் இருப்பது உங்கள் பிள்ளை, கேளுங்கள். ஒவ்வொரு கசெற்றிலும் இலக்கம் எழுதி, அதையே ஒரு தாளிலும் குறித்துவிட்டுக் கொடுங்கள்.

எல்லாம் எடுத்தாச்சு. கசெற்றை எறியலாமா?

இடம் இருந்தால் எறியவேண்டாம். பெட்டியில், நிமிர்த்தி, நிலத்தில் படாமல் வையுங்கள். ஒரு கப்சரில் விழுந்த கோடு, நல்ல டெக்கில் அடுத்தமுறை விழாமல் போகலாம்.

எங்கட ஊர்க் கோயில் திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டி எல்லாம் அதில இருக்கு. வேற ஆக்களுக்கும் பிரயோசனப்படுமா?

கட்டாயம். 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவரும் நூலக நிறுவனம், ஒலி, ஒளி ஆவணங்களையும் சேர்க்கிறது. அவர்களோடு கதைத்துப் பாருங்கள். கொடுக்கும்போது ஊர், வருடம், என்ன நிகழ்வு, எடுத்தவர் யார், தெரிந்த முகங்கள் யார் யார் என்று வீட்டில் மூத்தவர்களை இருத்தி, படத்தை ஓடவிட்டுக் கேட்டு எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். குடும்பத்துக்குள் எடுத்த பகுதிகளை வேறாக்கிவிட்டு, படத்தில் நெருக்கமாகத் தெரிபவர்களிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.